நூற்றுக்கு மூன்று பேர் மட்டும்தானா? இந்தியாவின் வேலையின்மைக் கணக்கைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. 2024 செப்டம்பரில் மத்திய அரசின் ஆண்டறிக்கை வந்தது: நாட்டின் வேலையின்மை விகிதம் 3.2 சதவீதம். மறுநாள் ஒரு மாணவர் பேப்பரை மடித்து எடுத்து வந்தார். "சார், நூத்துக்கு மூணு பேருக்குத்தான் வேலை இல்லைன்னு போட்டிருக்கு. இந்த ஹால்ல நாப்பது பேர் உக்காந்திருக்கோம், நாப்பது பேருக்கும் வேலை இல்லை. அப்போ வேலையில இருக்கறவங்க எல்லாம் யாரு சார்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு மூன்று வகுப்புகள் ஆயின. அவற்றைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். அந்த 3.2 பொய்யில்லை. மாணவர் கேட்டதும் பிழையில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்கின்றன என்று புரிந்துவிட்டால், இந்தக் கணக்கை யார் எப்படித் திருப்பிப் போட்டுக் காட்டினாலும் நீங்கள் ஏமாற மாட்டீர்கள்.

பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

படி 1: யாரை எண்ணுகிறார்கள் என்று பாருங்கள்

இந்த எண் வருவது காலமுறை தொழிலாளர் கணக்கெடுப்பிலிருந்து. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து பிஎல்எஃப்எஸ் என்பார்கள். தேசிய புள்ளியியல் அலுவலகம் 2017 ஏப்ரலில் இதைத் தொடங்கியது. 2023-24 சுற்றில் சுமார் 1 லட்சம் குடும்பங்களில் 4.18 லட்சம் பேரின் விவரங்களை எடுத்தார்கள். வீட்டுக்கு ஆள் வந்து, கையில் இருக்கும் டேப்லெட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண் போடுவார்.

அந்தக் குறியீடுகளில் சிலவற்றை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு 11. குடும்பத் தொழிலில் சம்பளம் வாங்காமல் கூட நின்று உழைப்பவருக்கு 21. மாதச் சம்பளக்காரருக்கு 31. தினக்கூலிக்கு 51. இவர்கள் எல்லோரும் 'வேலையில் இருப்பவர்கள்'. வேலை தேடுபவருக்கும், கிடைத்தால் போகத் தயாராக இருப்பவருக்கும் 81. இவர்தான் 'வேலையில்லாதவர்'. படிப்பவர் 91, வீட்டு வேலை மட்டும் செய்பவர் 92, வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, தீவனம் சேகரிப்பது போன்றவற்றையும் செய்பவர் 93. இந்த 90களில் இருப்பவர்கள் வேலையில் இருப்பவர்களும் இல்லை, வேலையில்லாதவர்களும் இல்லை. கணக்குக்கே வெளியே நிற்பவர்கள்.

வேலையின்மை விகிதம் என்பது 81ஆம் எண் விழுந்தவர்களை, வேலையில் இருப்பவர்களும் 81களும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்து வருவது. மொத்த மக்கள்தொகையால் வகுப்பதில்லை. "நாட்டில் நூற்றுக்கு மூன்று பேர்" என்று செய்தியில் எழுதும்போது முதல் தவறு இங்கேயே நடந்துவிடுகிறது. நூறு இந்தியர்களில் மூன்று பேர் அல்ல. வேலையில் இருக்கும், அல்லது வேலை வேண்டும் என்று நிற்கும் நூறு பேரில் மூன்று பேர்.

என் வகுப்பு மாணவரையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வருபவரிடம் அவர் அப்பா "பையன் வேலை தேடிக்கிட்டிருக்கான்" என்றால் 81. "படிச்சிக்கிட்டிருக்கான்" என்று சொல்லி அதுவே பதிவானால் 91. அதே பையன், அதே நாள், அதே கோச்சிங் வகுப்பு. முதல் பதிலில் அவர் விகிதத்தை ஏற்றுகிறார், இரண்டாவதில் கணக்கிலேயே இல்லை.

படி 2: எந்தக் காலத்தை வைத்துக் கேட்டார்கள்?

ஒரே கணக்கெடுப்பு, ஒரே ஆண்டு, இரண்டு விகிதங்கள். 2023-24இல் 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு 3.2 என்பது 'வழக்கமான நிலை'. அதே அறிக்கையில் 'நடப்பு வார நிலை' என்று இன்னொன்று உண்டு, அது 4.9 சதவீதம். ஒரு கட்சிக்காரர் முதல் எண்ணையும் இன்னொருவர் இரண்டாவதையும் பிடித்துக்கொண்டு தொலைக்காட்சியில் சண்டை போடுவார்கள். இரண்டு பேரும் கையில் வைத்திருப்பது ஒரே அறிக்கையாக இருக்கும்.

வழக்கமான நிலையில் கடந்த 365 நாளும் கணக்கு. அதில் பெரும்பகுதி நாள் என்ன செய்தீர்கள் என்று முதலில் பார்ப்பார்கள். பெரும்பகுதி வேலை இல்லாமல் இருந்தாலும், 30 நாள் அல்லது அதற்கு மேல் ஏதாவது வேலை செய்திருந்தால் துணைத் தொழில் என்ற பேரில் 'வேலையில் இருப்பவர்' ஆகிவிடுவீர்கள். நடப்பு வார நிலையில் கடந்த 7 நாள் மட்டும். அந்த ஏழு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் வேலையில் இருப்பவர்தான்.

தஞ்சை, திருவாரூர் பக்கம் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். நடவு, களையெடுப்பு, தை மாத அறுவடை என்று வருஷத்தில் சில மாதம் வேலை. சித்திரை, வைகாசியில் வயல் காய்ந்து கிடக்கும். நூறு நாள் வேலை வந்தால் உண்டு, இல்லையென்றால் திண்ணைதான். மே மாதம் அவரிடம் கேட்டால், வருஷக் கணக்கில் வேலையில் இருப்பவர், வாரக் கணக்கில் வேலையில்லாதவர். இரண்டுமே அவரைப் பற்றிய உண்மைதான். வருஷக் கணக்கு அவருக்கு ஒரு தொழில் இருக்கிறது என்று சொல்கிறது, வாரக் கணக்கு இந்த வாரம் கையில் காசு வரவில்லை என்று சொல்கிறது.

இந்த முறைகளின் வேர் 1970இல் வந்த தாந்த்வாலா குழுவின் அறிக்கை. இந்தியாவைப் போல விவசாயமும் சொந்தத் தொழிலும் மிகுந்த நாட்டில் 'வேலை உண்டா, இல்லையா' என்ற ஒற்றைக் கேள்வி செல்லாது என்று அப்போதே சொன்னார்கள். 1972-73இலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்று நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்புகள் அந்த வழியில்தான் போயின.

படி 3: ஒரு எண்ணை நம்பாதீர்கள், மூன்றாக எடுங்கள்

வேலையின்மை விகிதத்தைத் தனியாகப் படிக்கவே கூடாது. அதோடு இரண்டு எண்கள் எப்போதும் இருக்க வேண்டும். ஒன்று, தொழிலாளர் பங்கேற்பு விகிதம்: 15 வயதுக்கு மேற்பட்ட நூறு பேரில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் அல்லது தேடுகிறார்கள். இன்னொன்று, நூறு பேரில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள்.

நூறு பெரியவர்கள் இருக்கும் ஒரு தெருவாக நாட்டைச் சுருக்கிக்கொள்ளுங்கள். 2017-18இல் அந்தத் தெருவில் 49.8 பேர் வேலைச் சந்தையில் இருந்தார்கள். வேலை இருந்தது 46.8 பேருக்கு. மீதி 3 பேர் வேலை தேடினார்கள். 3ஐ 49.8ஆல் வகுத்தால் 6.0 சதவீதம். 2023-24இல் 60.1 பேர் சந்தையில், 58.2 பேர் வேலையில். மீதி 1.9. அதை 60.1ஆல் வகுத்தால் 3.2.

இப்போது தெருவைப் பாருங்கள். வேலையில்லாதவர்கள் 3இலிருந்து 1.9 ஆனது சின்ன மாற்றம். பெரிய மாற்றம் வேறு இடத்தில்: ஆறே ஆண்டில் வேலையில் இருப்பவர்கள் 46.8இலிருந்து 58.2 ஆகிவிட்டார்கள். நூற்றுக்குப் பதினோரு பேருக்கு மேல் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறார்கள். அவ்வளவு பேரை எந்தத் தொழிற்சாலை எடுத்தது? எந்த அலுவலகம் எடுத்தது?

இடையில் வந்த விகிதங்கள் இவை: 2018-19இல் 5.8, 2019-20இல் 4.8, 2020-21இல் 4.2, 2021-22இல் 4.1, 2022-23இல் 3.2. படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டே வருகிறது, கொரோனா ஆண்டிலும் கூட. நகரங்களுக்கான காலாண்டு அறிக்கையைப் பார்த்தால், 2020 ஏப்ரல்-ஜூனில் நடப்பு வார நிலையில் வேலையின்மை 20.8 சதவீதம். ஊரடங்கில் ஐந்தில் ஒருவர் வேலையிழந்து நின்ற காலாண்டு, ஆண்டு விகிதத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் மறைந்துபோனது. காரணம், படி 2இல் பார்த்ததுதான்: வருஷக் கணக்கு ஒரு காலாண்டு அடியை விழுங்கிவிடும். கூடவே, சென்னையிலும் சூரத்திலும் வேலை போனவர்கள் ஊருக்குத் திரும்பி அப்பாவின் வயலில் இறங்கினார்கள். வயலில் இறங்கியவருக்கு வேலையில்லாதவர் என்று பெயர் இல்லை.

படி 4: புதிதாக வந்தவர்கள் யார் என்று தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் நான் அதிக நேரம் நிற்க விரும்புவது இந்தப் படியில்தான். இதைத் தாண்டிப் போனால் மற்ற எல்லாம் வெறும் எண்.

2017-18இல் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 23.3 பேர்தான் வேலைச் சந்தையில் இருந்தார்கள். 2023-24இல் 41.7 பேர். ஆண்களுக்கு இது 75.8இலிருந்து 78.8. ஆக, தெருவுக்குப் புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எந்தப் பெண்கள்? நகரத்தில் 20.4இலிருந்து 28 ஆனது. கிராமத்தில் 24.6இலிருந்து 47.6 ஆனது, கிட்டத்தட்ட இரட்டிப்பு.

என்ன வேலைக்கு வந்தார்கள்? வேலையில் இருக்கும் பெண்களில் சுயதொழில் செய்பவர்கள் 51.9 சதவீதமாக இருந்து 67.4 ஆனார்கள். அந்தச் சுயதொழிலுக்குள்ளேயே குறியீடு 21, அதாவது சம்பளமில்லாமல் குடும்பத் தொழிலில் உழைப்பவர்கள், மொத்த வேலைப் பெண்களில் 36.7 சதவீதம். மாதச் சம்பளம் வாங்கும் பெண்களின் பங்கு 21இலிருந்து 15.9 ஆகக் குறைந்தது.

எங்கள் சித்தி வீட்டுக்குக் கணக்கெடுப்பு வந்த அன்று நான் அங்கே இருந்தேன். சித்தப்பாதான் திண்ணையில் உட்கார்ந்து பதில் சொன்னார். வந்த பெண் சின்ன வயசு, பொறுமையாகக் கேட்டார்.

"வீட்டுல அம்மா என்ன பண்றாங்க ஐயா?"

"அவ சும்மாதாம்மா இருக்கா. சமையல், வீட்டு வேலை."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே சித்தி தலையில் புல்லுக்கட்டோடு வந்து கொட்டகைப் பக்கம் போட்டுவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு போனார். அந்தப் பெண் டேப்லெட்டில் விரலை வைத்தவர் எடுத்துவிட்டார்.

"மாடு எத்தனைங்கய்யா?"

"ரெண்டு கறவை, ஒரு கன்னுக்குட்டி."

"யாரு பாத்துக்கறது? பால் கறக்கறது யாரு?"

"எல்லாம் அவதான்."

"பாலு வீட்டுக்கா, விக்கிறீங்களா?"

"சொசைட்டிக்கு ஊத்தறோம். காலையில நாலு லிட்டர், சாயங்காலம் மூணு."

அவ்வளவுதான். 92ஆகப் போக இருந்த சித்தி, அந்த நிமிஷம் வேலையில் இருக்கும் பெண்மணி ஆனார். அவர் செய்யும் வேலையில் ஒரு புல்லும் கூடவில்லை, குறையவும் இல்லை. சொசைட்டிப் பணம் இன்றும் சித்தப்பா பெயரில்தான் வருகிறது. அந்தக் கணக்கெடுப்பாளர் அவசரத்தில் இருந்திருந்தால் சித்தி கணக்குக்கு வெளியே நின்றிருப்பார். அவரைப் போலப் பல லட்சம் பெண்களைப் பற்றிக் கேள்வி சரியாகக் கேட்கப்படுவதும் பங்கேற்பு விகிதம் ஏறியதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அது நல்லது. அவர்கள் உழைப்பு எண்ணப்பட வேண்டியதுதான்.

ஆனால் அது மட்டுமே காரணம் என்று முடித்துவிடவும் முடியாது. வேலையில் இருப்பவர்களில் விவசாயத்தின் பங்கு 2018-19இல் 42.5 சதவீதம், 2023-24இல் 46.1. பல பத்தாண்டுகளாக இறங்கி வந்த பங்கு திரும்பி ஏறியிருக்கிறது. ஒரு நாடு வளரும்போது ஆட்கள் வயலிலிருந்து ஆலைக்குப் போவார்கள் என்பது பாடப்புத்தகம். இங்கே ஓட்டம் எதிர்ப்பக்கம். வீட்டு வருமானம் போதாமல் பெண்கள் வயலுக்கும் கொட்டகைக்கும் தள்ளப்பட்டிருந்தாலும் இதே எண்கள்தான் வரும். வேலையின்மை குறைந்தது என்ற தலைப்பைப் பார்த்ததும் நான் முதலில் புரட்டுவது இந்த இரண்டு அட்டவணைகளைத்தான்: என்ன வகை வேலை, எந்தத் துறை.

இன்னொன்றும் கவனியுங்கள். 2023-24இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேலையின்மை விகிதம் ஒன்றே, 3.2. இதை மட்டும் எழுதிவிட்டு ஆண்-பெண் வேறுபாடு மறைந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், 78.8க்கும் 41.7க்கும் நடுவில் இருக்கும் பெரிய பள்ளத்தைத் துணி போட்டு மூடுகிறார் என்று அர்த்தம்.

படி 5: வயதையும் படிப்பையும் குறுக்கே வெட்டுங்கள்

இப்போது என் மாணவரின் கேள்விக்கு வருவோம்.

15 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்கு 2023-24இல் வேலையின்மை 10.2 சதவீதம். நாட்டின் சராசரியைப் போல மூன்று மடங்கு. 2017-18இல் இது 17.8ஆக இருந்தது, இறங்கியிருக்கிறது, மறுக்கவில்லை. அதற்குள் நகரத்து இளைஞர்களை மட்டும் எடுத்தால் 14.7. நகரத்து இளம்பெண்கள் மட்டும் என்றால் 20.1. ஐந்தில் ஒருவர். ஒவ்வொரு வெட்டுக்கும் எண் எப்படி ஏறுகிறது பாருங்கள்: 3.2, 10.2, 14.7, 20.1. நாடு ஒன்றுதான், ஆண்டும் ஒன்றுதான்.

படிப்பால் வெட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் வேலையின்மை 0.2 சதவீதம். பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்களிடம் 6.5. பட்டதாரிகளை மட்டும் பிரித்தால், 2022-23இல் 13.4. முதல்முறை இதைப் பார்க்கும் பிள்ளைகள் திகைத்துப்போவார்கள். "அப்போ படிக்காம இருந்திருந்தா வேலை கிடைச்சிருக்குமா சார்?"

இல்லை. வேலையில்லாமல் இருப்பதற்கு ஒரு செலவு உண்டு. அந்தச் செலவைத் தாங்க யாராவது வேண்டும். படிக்காத ஏழை வீட்டில் ஒருவர் இன்று வேலை கிடைக்கவில்லை என்றால் நாளைக்குக் கிடைத்ததைச் செய்வார். சித்தாள் வேலை, மூட்டை தூக்குவது, ரோட்டோரம் வெள்ளரிப்பிஞ்சு விற்பது. அவருக்குக் காத்திருக்க வசதி இல்லை, அதனால் அவர் 81 ஆக மாட்டார். பி.இ. முடித்த பிள்ளைக்கு அப்பாவின் சம்பளமோ அம்மாவின் நகையோ இரண்டு மூன்று வருஷம் காத்திருக்கத் தாங்கும். அந்தப் பிள்ளை தன் படிப்புக்கு ஏற்ற வேலைக்காகக் காத்திருக்கிறது, அதனால் 81 ஆகிறது. பழங்குடி மக்களிடம் வேலையின்மை விகிதம் எல்லாச் சமூகப் பிரிவுகளிலும் குறைவாக வருவதற்கும் பெரும்பங்கு இதுதான் காரணம். அவர்கள் வசதியாக இருக்கிறார்கள் என்று அதைப் படித்தால் பெரிய அநியாயம்.

இங்கே மிகப் பலர் சறுக்கும் ஓரிடம் உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில், 2022இல் வேலையில்லாதவர்களில் ஏறத்தாழ 83 சதவீதம் பேர் இளைஞர்கள் என்று இருந்தது. உடனே "இளைஞர்களில் 83 சதவீதம் பேருக்கு வேலை இல்லை" என்று பகிர ஆரம்பித்துவிட்டார்கள். முதலாவது, வேலையில்லாத நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் அதில் 83 பேர் இளைஞர்கள் என்பது. இரண்டாவது, இளைஞர்கள் நூறு பேரை நிறுத்தினால் 83 பேருக்கு வேலை இல்லை என்பது. யாரை வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். அந்த அறிக்கையிலேயே இளைஞர்களுக்குள் பட்டதாரிகளின் வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுடையது 3.4 சதவீதம் என்றும் இருக்கிறது. உண்மை எண்ணே போதுமான அளவுக்குக் கனமாக இருக்கும்போது தவறான எண்ணைத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை.

81இலும் விழாத ஒரு கூட்டத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எம்.எஸ்ஸி. முடித்து, கல்யாணமாகி, "இப்ப வேண்டாம், குழந்தை கொஞ்சம் வளரட்டும்" என்று வீட்டில் இருத்தப்பட்ட பெண். அவர் வேலை தேடவில்லை, கிடைத்தால் போகத் தயார் என்று வீட்டில் யாரும் சொல்லவும் இல்லை, ஆகவே 92. நல்ல வேலை பக்கத்தில் இருந்தால் நாளைக்கே போவார். வேலையின்மை விகிதத்தில் அவருடைய சாயல்கூட இல்லை. இளைஞர்களில் படிப்பிலும் பயிற்சியிலும் வேலையிலும் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று அறிக்கையில் தனி அட்டவணை உண்டு. அதில் ஆண்-பெண் வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அவர் அங்கே இருப்பார்.

படி 6: மாநிலங்களை ஒப்பிடும்போது நிதானம்

2023-24இல் வேலையின்மை கேரளத்தில் 7.2, கோவாவில் 8.5, தமிழ்நாட்டில் 3.5, மத்தியப் பிரதேசத்தில் 1.0. இதை வைத்து எந்த மாநிலம் முன்னேறியது என்று வரிசை போட்டால் தலைகீழாகிவிடும். கேரளத்தில் 15-29 வயதுப் பெண்களின் வேலையின்மை 47.1 சதவீதம். மத்தியப் பிரதேசத்தில் இளைஞர்கள் மொத்தத்துக்குமே 2.6தான். கொச்சியிலோ கோழிக்கோட்டிலோ கல்லூரி முடித்த பெண் அரசுத் தேர்வுக்கோ, வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கோ தயாராகிக்கொண்டு காத்திருக்கிறார். வளைகுடாப் பணம் அந்தக் காத்திருப்பைத் தாங்குகிறது. மத்தியப் பிரதேசத்தில் அதே வயதுப் பெண்கள் பலர் சோயா வயலில் குறியீடு 21. இதனால் கேரளத்தின் பிரச்சினை சின்னது என்று சொல்லவில்லை. வேலைச் சந்தையில் இருக்கும் இளம்பெண்களில் பாதிக்கு அருகில் வேலை தேடி நிற்பது பெரிய தோல்விதான். ஆனால் அது வேறு வகை நோய், அதற்கு மருந்தும் வேறு.

லட்சத்தீவின் 11.9, அந்தமானின் 11.8 போன்ற எண்களைத் தலைப்பாக்காதீர்கள். சின்ன இடத்தில் எடுக்கும் மாதிரியும் சிறியது, சில வீடுகளின் பதில் மாறினாலே விகிதம் ஆடும். பெரிய மாநிலத்திலும் வயது, பாலினம், ஊர் என்று வெட்டிக்கொண்டே போனால் இதே கதைதான்.

படி 7: வேறு கணக்குகளை இதோடு சேர்க்காதீர்கள்

தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்தது வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. பத்தாவது முடித்ததும் பதிவு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. அதில் லட்சக்கணக்கானோர் இருக்கிறார்கள் என்பதை வேலையில்லாதவர்களின் எண்ணிக்கையாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. தனியார் வேலையில் நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டே சீனியாரிட்டி போய்விடக் கூடாது என்று புதுப்பிப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் உறவினர்களையே எண்ணிப் பாருங்கள். மறுபக்கம், வேலையில்லாத எத்தனையோ பேர் பதிவே செய்யவில்லை. அந்தப் பதிவு அரசு வேலை மீதான ஆசையின் அளவு. 2024 குரூப் 4 அறிவிப்பு முதலில் 6,244 இடங்களுக்கு வந்தபோது 20 லட்சத்துக்கும் மேல் விண்ணப்பித்தார்களே, அதுவும் அப்படித்தான். நிரந்தர வேலைக்கான தாகத்தை அது காட்டுகிறது. விண்ணப்பித்தவர்களில் வேலையில் இருப்பவர்களும் உண்டு.

சிஎம்ஐஇ என்ற தனியார் நிறுவனமும் வீடு வீடாகக் கணக்கெடுக்கிறது. அதன் வேலையின்மை விகிதம் அரசு எண்ணைவிட அதிகமாகவே வரும். யார் பொய் சொல்கிறார்கள் என்று தேட வேண்டாம். அவர்களுடைய வரையறை இறுக்கமானது, எங்கள் சித்தி மாதிரிப் பெண்கள் அதில் வேலையில் இருப்பவர்களாக வருவது அரிது. அதனால் அவர்கள் காட்டும் பங்கேற்பு விகிதமும் 40 சதவீத அளவிலேயே நிற்கிறது. இரண்டில் எதை எடுத்தாலும், கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். போன வருஷத்துக்கு ஒன்று, இந்த வருஷத்துக்கு இன்னொன்று என்று மாற்றிக் காட்டுவதுதான் ஏமாற்று.

வருங்கால வைப்புநிதியில் புதிதாகச் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை வேலை உருவானதன் எண்ணிக்கை அல்ல. ஏற்கனவே வேலையில் இருந்தவரை நிறுவனம் இப்போது பதிவு செய்தாலும் அதில் கூடும்.

படி 8: பழைய ஆண்டுகளோடு ஒப்பிடும் முன்

2011-12இல் 2.2 சதவீதமாக இருந்த வேலையின்மை 2017-18இல் எல்லா வயதினருக்கும் சேர்த்து 6.1 ஆனது. இந்த அறிக்கை வெளியாகாமல் கிடந்தபோதுதான், 2019 ஜனவரியில், தேசிய புள்ளியியல் ஆணையத்திலிருந்து பி.சி.மோகனனும் ஜே.வி.மீனாட்சியும் விலகினார்கள். எண்கள் பத்திரிகையில் கசிந்து, 45 ஆண்டுகளில் இல்லாத உயர்வு என்று தலைப்பானது. தேர்தல் முடிந்து மே 31 அன்றுதான் அறிக்கை அதிகாரப்பூர்வமாக வந்தது.

அந்த ஒப்பீட்டில் ஒரு சிக்கல் உண்மையிலேயே உண்டு. புதிய கணக்கெடுப்பு வீடுகளைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்த வீட்டில் பத்தாவதோ அதற்கு மேலோ படித்தவர்கள் எத்தனை பேர் என்பதை வைத்துப் பிரித்தது. பழைய முறை அப்படி இல்லை. ஆகவே உயர்வு நிஜம், ஆனால் அதன் முழு அளவையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. அதற்காக அறிக்கையைப் பூட்டி வைத்ததை நியாயப்படுத்த முடியாது. குறையோடு வெளியிட்டு, குறையை எழுதிவைப்பதுதான் புள்ளியியலின் ஒழுக்கம்.

2025 ஜனவரியிலிருந்து முறை மறுபடி மாறியது. ஆண்டு என்பது ஜூலை முதல் ஜூன் வரை என்றிருந்தது போய் காலண்டர் ஆண்டாயிற்று. மாத அறிக்கையும் வருகிறது. முதல் மாத அறிக்கை 2025 ஏப்ரலுக்கானது: நடப்பு வார நிலையில் 5.1 சதவீதம். மே மாதம் 5.6. "வேலையின்மை எகிறியது" என்று செய்தி. இரண்டு திருத்தம்: கூடியது 0.5 சதவீதப் புள்ளி, பருவத்துக்கு ஏற்றாற்போல் திருத்தாத எண்ணும்கூட. வட இந்தியாவில் ராபி என்னும் குளிர்காலப் பயிரின் அறுவடை முடிந்து, வெயில் உச்சத்தில் வயல் வேலை ஓய்ந்திருக்கும் மாதம் அது. ஆகஸ்டில் திரும்ப 5.1 ஆகிவிட்டது. மாத எண்ணை அதே மாதத்தின் முந்தைய ஆண்டு எண்ணோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த 5.1ஐ ஆண்டறிக்கையின் 3.2உடன் வைத்து "ஏறிவிட்டது" என்றும் எழுதுவார்கள். ஒன்று வாரக் கணக்கு, மற்றது வருஷக் கணக்கு. படி 2ஐ மறந்தவர்கள் செய்யும் தவறு அது.

படி 9: உங்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள்

என் வகுப்பில் கடைசியாகக் கொடுத்த பயிற்சி இது. ஒரு தாளில் உங்கள் வீட்டிலும் பக்கத்து நான்கு வீடுகளிலும் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் உறவுமுறையோடு எழுதுங்கள். அம்மா, மாமா, எதிர்வீட்டு அக்கா என்று. ஒவ்வொருவருக்கும் எதிரே இரண்டு கட்டம்: போன வருஷம் பெரும்பகுதி என்ன செய்தார், போன ஏழு நாளில் என்ன செய்தார். குறியீடு போடுங்கள். 'சும்மா' என்ற சொல்லை எழுதக் கூடாது. யாராவது அப்படிச் சொன்னால், காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்தார் என்று மணி வாரியாகக் கேட்டு எழுதுங்கள். பிறகு பங்கேற்பு, வேலை, வேலையின்மை மூன்றையும் கணக்கிடுங்கள். முதலில் எல்லோருக்கும் சேர்த்து, பிறகு பெண்களுக்கு, பிறகு 30 வயதுக்குள் இருப்பவர்களுக்கு.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு புள்ளியியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கும் ஆண்டறிக்கையைத் திறங்கள். வயது, படிப்பு, பாலினம், கிராமம்-நகரம் வாரியான அட்டவணைகள் பின்பகுதியில் இருக்கும். கேள்வி கேட்ட அந்த மாணவர் தன் தாளைக் கொண்டுவந்தபோது அவருடைய ஐந்து வீடுகளில் வேலையின்மை நாட்டின் விகிதத்தைவிட வெகு அதிகமாக இருந்தது. 81 போட்ட மூன்று வரிகளில் இரண்டு அவருடைய வீட்டிலேயே இருந்தன: அவரும் அவருடைய அக்காவும். அம்மாவுக்கு எதிரே முதலில் 92 போட்டு, அடித்துவிட்டு, 11 என்று எழுதியிருந்தார். பக்கத்தில் சின்ன எழுத்தில்: "இட்லி மாவு அரைச்சு விக்கிறாங்க. காலை 4 மணியிலிருந்து."